பஸ்ஸில் ஏறும் தொலைநோக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்து வானம் தெளிந்ததும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "மொட்டை மாடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும், ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகவும் வேண்டும். எந்தத் தொலைநோக்கி வாங்குவது?" கார் இல்லாமல், பஸ்ஸிலும் ரயிலிலும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பல ஆண்டுகள் அலைந்தவன் நான். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

எடுத்துச் செல்லத்தக்க தொலைநோக்கி என்று எதைச் சொல்வது? எத்தனை கிலோ வரை போகலாம்?

குழாயின் எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் இருப்பது குழாயின் எடைதான். நீங்கள் தூக்கப்போவது மொத்த மூட்டையை. குழாய், அதைத் தாங்கும் அமைப்பு, முக்காலி, ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழல்கள்), சிவப்பு டார்ச், மின்கலம், தண்ணீர் பாட்டில், போர்வை எல்லாம் அதில் சேரும். அந்த மூட்டையை ஒரே ஆள், ஒரே நடையில், மூன்று மாடிப் படி ஏற்றிவிட முடிய வேண்டும். ஏற்றியபின் பத்து நிமிடத்தில் கண்ணை வைத்துப் பார்க்க முடிய வேண்டும். இந்த இரண்டும் கூடினால்தான் அது எடுத்துச் செல்லத்தக்க தொலைநோக்கி.

நான் முதலில் வாங்கியது 150 மி.மீ. விட்டமுள்ள, லென்ஸுக்குப் பதிலாகக் குழிவான ஆடி வைத்த தொலைநோக்கி. "பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்" என்று கடையில் சொன்னார்கள். பிரிக்க முடிந்தது. பிரித்த துண்டுகள், குழாயைச் சமநிலையில் நிறுத்தும் எடைக்குண்டு, முக்காலி எல்லாம் சேர்ந்து இருபது கிலோவைத் தாண்டின. ஒரு ஜனவரியில் அதைச் சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலிலும், பிறகு ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் பஸ்ஸிலும் கொண்டுபோனேன். இரவு எட்டு மணிக்கு வானம் கண்ணாடி போல் இருந்தது. இருட்டில் துண்டுகளைப் பூட்டத் தொடங்கினால், எடைக்குண்டை இறுக்கும் திருகு பையில் இல்லை. அன்று முழுவதும் பைனாகுலரில்தான் பார்த்தேன். அந்த வானத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஊர் திரும்பியபின் ஓராண்டுக்கும் மேல் அந்தத் தொலைநோக்கி அறையின் மூலையிலேயே நின்றது. அதை விற்றுவிட்டு அதைவிடச் சிறியதாக 102 மி.மீ. ஒன்று வாங்கிய பிறகுதான், உண்மையில் வானம் பார்க்கத் தொடங்கினேன்.

பஸ்ஸில் போகிறவருக்கு மொத்தம் எட்டு கிலோ. ஸ்கூட்டரில் போனாலும் ஏறக்குறைய அதேதான். கார் இருந்தால் பன்னிரண்டு, பதினைந்து வரை போகலாம். இது நான் பட்டு அறிந்த கணக்கு.

முதலில் பைனாகுலர் வாங்கிப் பழகிக்கொள்ளலாமா?

தாராளமாக. 10×50 அல்லது 7×50 பைனாகுலர் (10 அல்லது 7 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் வானத்தின் அகலம், ஐந்து பாகைக்கு மேல் விரியும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை இதைவிட அழகாகக் காட்டும் கருவியை நான் கண்டதில்லை. பிறகு தொலைநோக்கி வாங்கினாலும் பைனாகுலர் வீணாகாது. எதை எங்கே தேடுவது என்று முதலில் அதில்தான் பார்ப்பீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்பதே உங்கள் ஆசை என்றால் 10 மடங்குப் பைனாகுலர் போதாது; அதில் சனி சற்றே நீண்ட ஒரு புள்ளி, அவ்வளவுதான். வளையம் வளையமாகத் தெரிய 25, 30 மடங்காவது வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நேராகத் தொலைநோக்கிக்கே போகலாம்.

பெட்டியின் மேல் "675 மடங்கு உருப்பெருக்கம்" என்று போட்டிருக்கிறது. நல்லதா?

அந்தப் பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத்தொலைவை (லென்ஸிலிருந்தோ ஆடியிலிருந்தோ ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) ஐபீஸின் குவியத்தொலைவால் வகுத்தால் வருவது. ஐபீஸை மாற்றினால் எண் மாறும். எந்தக் குழாயிலும் எந்த எண்ணையும் வரவழைக்கலாம். ஆனால் படத்தில் நுணுக்கம் இருக்க வேண்டுமே! விட்டத்தின் மி.மீ. எண்ணை இரண்டால் பெருக்குங்கள். அதுதான் பயன் தரும் உச்ச எல்லை. 60 மி.மீ. குழாய்க்கு 120 மடங்கு, 100 மி.மீ. குழாய்க்கு 200. அதற்கு மேல் போனால் நிலா பெரிதாகும், மங்கும், கலங்கும். நான் பெரும்பாலான இரவுகளில் 40 முதல் 130 மடங்குக்குள்தான் இருக்கிறேன்.

அப்படியானால் எத்தனை மி.மீ. விட்டம் போதும்?

80 முதல் 130 வரை. அதற்குக் கீழே போனால் ஏமாற்றம் மிஞ்சும். மேலே போனால் முதுகு வலி மிஞ்சும்.

80 மி.மீ. லென்ஸ், இருட்டில் முழுதாக விரிந்த 7 மி.மீ. கண்மணியைவிட 130 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. அதில் வியாழனின் இரண்டு முக்கியப் பட்டைகளும் நான்கு பெரிய நிலாக்களும் தெரியும். சனியின் வளையம் தெளிவாகத் தெரியும். (2025 மார்ச்சில் வளையம் விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது, அங்கிருந்து சில ஆண்டுகளுக்கு அது விரிந்துகொண்டே போகும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இது நல்ல காலம்.) நிலாவில் வாழ்நாள் முழுக்கப் பார்க்குமளவு கிண்ணக்குழிகள் உண்டு. வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் இடைவாளில் இருக்கும் ஒண்முகில் (நெபுலா), மெசியே பட்டியலில் எம்42, சிறகு விரித்ததுபோல் தெரியும்.

130 மி.மீ. ஆடி அதைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு கூடுதல் ஒளி தரும். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்கும் ஒளித்தரக் கணக்கில் அது ஓர் ஒளித்தரத்துக்குச் சற்று அதிகம். ஒளித்தரம் ஒன்றுக்கு 2.512 மடங்கு என்ற இந்த அளவுகோலை 1856இல் முன்வைத்த நார்மன் போக்சன், பின்னர் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர். நுங்கம்பாக்கம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அந்த ஓர் ஒளித்தரம் எங்கே வேலை செய்கிறது என்றால், கோள விண்மீன் கொத்துகளில். 80 மி.மீ.-ல் பஞ்சு உருண்டையாகத் தெரியும் எம்13, 130 மி.மீ.-ல் இருண்ட ஊரிலிருந்து பார்த்தால் விளிம்பில் மணல் மணலாக உதிரத் தொடங்கும். அதைப் பார்த்தவர்கள் மீண்டும் 80க்குத் திரும்பத் தயங்குவார்கள்.

லென்ஸா, ஆடியா, மக்சுதோவா? மூன்றும் குழப்புகிறது.

குழப்பம் நியாயமானதுதான். மூன்றுமே நல்லவை, மூன்றுக்கும் ஆசைகள் வேறு. நான் மூன்றையும் தூக்கியிருக்கிறேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குட்டை லென்ஸ் தொலைநோக்கி: 80 மி.மீ. விட்டம், 400 மி.மீ. குவியத்தொலைவு என்ற அளவு உலகெங்கும் பரவலானது. குழாய் ஒன்றரை கிலோவுக்குள். முதுகுப்பையில் துண்டு சுற்றி வைத்துக்கொள்ளலாம். குறைந்த உருப்பெருக்கத்தில் கிட்டத்தட்ட நான்கு பாகை அகல வானத்தைக் காட்டும். கார்த்திகை, ஆண்ட்ரொமீடா விண்மீன் மண்டலம், தனுசுவின் பால்வீதித் திட்டுகள் எல்லாம் புலத்துக்குள் முழுதாக அடங்கும். அதன் குறை நிறப்பிறழ்ச்சி. வில்லைக்கு ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் இடத்தில் குவிகிறது. நிலாவின் ஓரத்திலும் வெள்ளியைச் சுற்றியும் ஊதா நிறம் கசியும். 100 மடங்குக்கு மேல் கோள்கள் மழுங்கும். நிறங்களை அதிகம் பிரிக்காத ஈ.டி. கண்ணாடி போட்ட லென்ஸ்களில் இது வெகுவாகக் குறையும். விலையோ பல மடங்கு ஏறும். படம் எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மக்சுதோவ்: ரஷ்யரான திமித்ரி மக்சுதோவ், 1941இல் போர் காரணமாக லெனின்கிராட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது இதன் அமைப்பை யோசித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற, உடையாத, எளிய தொலைநோக்கி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் மனதில் ஓடிய சிந்தனை. பயணத்தில் பிறந்த இக்கருவி இன்றும் பயணத்துக்கே பொருந்துகிறது. முன்னால் தடித்த வளைந்த கண்ணாடி, பின்னால் குழியாடி. ஒளி குழாய்க்குள் மடங்கி மடங்கிப் போவதால் 1300 மி.மீ. குவியத்தொலைவு ஒரு முழத்துக்கும் குறைவான குழாயில் அடங்கிவிடுகிறது. 102 மி.மீ. மக்சுதோவின் குழாய் சுமார் 2 கிலோ. பஸ் குலுக்கலில் ஒளியச்சு (ஆடிகளும் ஐபீஸும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) எளிதில் குலையாது. நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள் இதில் கூர்மையாக வரும். குறுகிய புலம்தான் இதன் குறை. எவ்வளவு முயன்றாலும் சுமார் 1.2 பாகை வானம்தான் கிடைக்கும். கார்த்திகைக் கூட்டம் முழுதாக அடங்காது. வால்மீனின் வாலைப் பார்க்க நினைத்தால் தலை மட்டும் கிடைக்கும். அது போக, அந்த முன் கண்ணாடி பனியை ஈர்க்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மேசைமேல் டாப்சன்: 130 மி.மீ. குழியாடி, 650 மி.மீ. குவியத்தொலைவு, பாதியாக உள்ளே தள்ளி மடக்கும் குழாய், அடியில் சுழலும் மரப்பலகை. மொத்தமே ஆறு கிலோ சொச்சம். முக்காலி கிடையாது. ஸ்கை-வாட்சரின் ஹெரிட்டேஜ் 130பி இந்த வகையில் பலர் அறிந்தது. இந்தப் பலகை அமைப்பைப் பரப்பியவர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்தத் துறவியாக 23 ஆண்டுகள் இருந்தவர். மடத்தில் இருந்தபோதே குப்பையில் கிடைத்த கண்ணாடியையும் அட்டைக் குழாயையும் கொண்டு தொலைநோக்கி செய்தார். பிறகு நடைபாதையில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். யாரும் செய்துகொள்ளக்கூடியதாக, யாருக்கும் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இந்தப் பலகையைத் தள்ளும்போதெல்லாம் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

இதன் சங்கடங்கள் இரண்டு. வைப்பதற்கு ஆடாத மேசையோ உறுதியான முக்காலிப் பலகையோ வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தால் எல்லாம் ஆடும். அடுத்து, பயணத்துக்குப் பின் ஆடிகளின் ஒளியச்சைச் சரிபார்க்க வேண்டும். பழகினால் ஐந்து நிமிட வேலை. இதற்கென்று விற்கும் மலிவான லேசர் கருவிகள் தாமே கோணலாக வருவதுண்டு. ஐபீஸ் இடத்தில் பொருத்த, நடுவில் துளையிட்ட சாதாரண மூடி ஒன்று போதும், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பூமத்தியத் தாங்கி வாங்கினால் விண்மீனைத் தானாகத் தொடருமாமே?

மோட்டார் பொருத்தியிருந்தால் தொடரும். ஆனால் நம் அட்சரேகையில் சிறிய பூமத்தியத் தாங்கிகள் படுத்தும் பாட்டைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தாங்கியின் ஓர் அச்சு வான துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். துருவ விண்மீன் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அத்தனை பாகை சாய்வு. லண்டனில் 51 பாகை. சென்னையில் 13, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறத்தாழ 10, கன்னியாகுமரியில் 8. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த தாங்கியை 8 பாகைக்குத் தாழ்த்தினால், எடைக்குண்டுத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். சிலவற்றில் திருகே அவ்வளவு தூரம் இறங்காது. பாரம் எல்லாம் ஒரு பக்கம் சாயும். இதற்கெல்லாம் மேலாக, அச்சைப் பொருத்தத் துருவ விண்மீன் கண்ணில் பட வேண்டும். 13 பாகையில் நம் ஊரில் வேப்பமரம் இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், புழுதி மூட்டம் இருக்கும்.

படம் எடுக்காமல் ஐபீஸில் கண் வைத்துப் பார்க்க மட்டும் என்றால் மேல் கீழ், இடம் வலம் நகரும் எளிய தாங்கியே போதும். கோள்கள் நமக்குத் தலைக்கு மேலே உயர்ந்து போகின்றன. வடநாட்டார் தொடுவானத்துக்கு அருகே தடித்த காற்றினூடே பார்க்கும் சனியை நாம் உயரத்தில் தெளிந்த காற்றில் பார்க்கிறோம். இது நமக்குக் கிடைத்த பேறு. அதற்கு ஏற்றபடி, குழாயை உச்சிவரை நிமிர்த்தும்போது பின்முனை முக்காலியில் இடிக்காமல் இருக்கிறதா என்று கடையிலேயே நிமிர்த்திப் பாருங்கள். மக்சுதோவ் குட்டையாக இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். நீண்ட லென்ஸ் குழாய்கள் பல இடித்துக்கொள்ளும்.

கேமரா முக்காலியில் பொருத்தலாமா என்றும் கேட்கிறார்கள். ஐபீஸ் வழியே பார்த்துக்கொண்டே குழாயை ஒரு விரலால் தட்டுங்கள். படம் இரண்டு நொடிக்குள் நின்றால் அந்த முக்காலி போதும். ஐந்து நொடி ஆடினால் அதில் நீங்கள் எந்தக் கோளையும் பார்க்கப்போவதில்லை. பந்து மூட்டுத் தலையுள்ள கேமரா முக்காலிகள் இந்தச் சோதனையில் தேறுவது அபூர்வம்.

ஐபீஸ் எத்தனை வாங்க வேண்டும்?

இரண்டு. ஒன்று 25 மி.மீ.யை ஒட்டி, இன்னொன்று 10 மி.மீ.யை ஒட்டி. 650 மி.மீ. குழாயில் அவை 26 மடங்கும் 65 மடங்கும் தரும். இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லை ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் 52, 130. இந்த நான்கோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். 1300 மி.மீ. மக்சுதோவுக்கு இந்த இரண்டு ஐபீஸே 52, 130 தந்துவிடும். பார்லோ தேவையில்லை.

பெட்டியோடு வரும் ஐபீஸில் "எச்" அல்லது "எஸ்.ஆர்." என்று பொறித்திருந்தால் அவை மிகப் பழைய, குறுகலான வகைகள். பிளாசல் வகைக்கு மாற்றுங்கள். அடுத்து, குழாயின் ஐபீஸ் துளை 1.25 அங்குலமா என்று பாருங்கள். 0.965 அங்குலத் துளையுள்ள பழைய வகை என்றால் நல்ல ஐபீஸ் அதில் நேராக நுழையாது.

பஸ்ஸிலும் ரயிலிலும் விமானத்திலும் எப்படிக் கொண்டுபோவது?

பஸ்ஸில் மடியில். மேல் தட்டில் வைத்தால் வளைவில் விழும்; இருக்கைக்கு அடியில் வைத்தால் எஞ்சின் அதிர்வு முழுவதும் ஆடிக்குப் போகும். எட்டு கிலோ என்று கணக்குச் சொன்னதன் காரணம் இப்போது புரியும். ஐபீஸ்களைச் சமையலறை எவர்சில்வர் டப்பாவில் துணி சுற்றி வைத்தால் தனிப் பெட்டி தேவையில்லை. ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில், சுவரோரம், சங்கிலி போட்டு.

உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. குழாயும் ஐபீஸும் கைப்பையில், முக்காலி பதிவுச் சாமானில். லித்தியம் மின்கலங்களும் பவர்பேங்கும் கைப்பையில் மட்டுமே அனுமதி. பாதுகாப்புச் சோதனையில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். மேலாக வைத்திருங்கள், திறக்கும்போது பக்கத்தில் நின்று கண்ணாடியைத் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வீட்டிலேயே ஒரு முறை முழுதாகப் பூட்டி, அந்த நிலையிலிருந்து பிரித்துப் பைக்குள் வையுங்கள். எந்தத் திருகும் விடுபடாது.

பனியும் பூஞ்சையும்?

நம் ஊரில் தொலைநோக்கியின் முதல் எதிரி பூஞ்சை. கடற்கரை ஊர்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கினால் வில்லையில் சிலந்தி வலைபோல் படரும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பார்த்து முடித்ததும் பனியோடு மூடி வைக்காதீர்கள். விசிறிக் காற்றில் உலரவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அந்தப் பொட்டலங்களையும் அவ்வப்போது சூடாக்கி ஈரம் நீக்க வேண்டும். மழை மாதங்களிலும் வாரம் ஒரு முறை வெளியே எடுங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் குளிர்ந்த கண்ணாடியில் உடனே ஈரம் படியும். துடைக்காதீர்கள், அரை மணி நேரம் மூடியோடு வெளியே வைத்தால் சரியாகிவிடும். மலையில் விடியற்காலைப் பனிக்கு, தரையில் விரிக்கும் நுரைப்பாயை வெட்டி, குழாயின் முன்னால் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குச் சுருட்டிக் கட்டுங்கள். கடையில் விற்கும் பனிக்கவசம் செய்யும் வேலையை அது அப்படியே செய்யும். மக்சுதோவ் வாங்கியவர்கள் இதை முதல் நாளே செய்துகொள்ள வேண்டும்.

சென்னை மாடியிலிருந்து ஏதாவது தெரியுமா? இல்லை, வெளியூர் போயே ஆக வேண்டுமா?

நிலாவுக்கும் கோள்களுக்கும் இரட்டை விண்மீன்களுக்கும் தெருவிளக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒண்முகில்களுக்கும் விண்மீன் மண்டலங்களுக்கும் இருட்டு வேண்டும். அந்த இருட்டுக்கு எந்த விட்டமும் ஈடாகாது. மலையில் 80 மி.மீ.-ல் கண்டதை நகரத்தில் 200 மி.மீ.-ல் தேடியும் காணாமல் நான் நின்றதுண்டு. சிறிய கருவியை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுதான்: இருட்டு இருக்கும் இடத்துக்கு அது உங்களோடு வரும்.

ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தது அங்கிருந்த இருட்டுக்காகவும், அங்கிருந்து தென் வானம் நன்றாகத் தெரியும் என்பதற்காகவும்தான். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. இன்று அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. தென் வானம் என்ற அந்த வளம் நமக்கும் உரியது. மே மாத நடுவில் இரவு பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து, சென்னையிலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில், நிலாவின் அகலத்துக்கு நிற்கும். லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை.

அதற்கும் கீழே ஆல்ஃபா சென்டாரி. அது இரட்டை என்று முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார். 1689 டிசம்பரில், புதுச்சேரியில், ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. காற்று அடங்கிய இரவில் 80 மி.மீ. தொலைநோக்கியே அதைப் பிரித்துக் காட்டும். புதுச்சேரிக் கடற்கரையில் நின்று அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒரு ஜூன் இரவில் அது நிறைவேறியது.

சூரியனைப் பார்க்கலாமா?

குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி இருந்தால் மட்டும். கண்ணுக்குப் பார்க்கும் தரத்து வடிகட்டித் தாள் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். ஐபீஸில் திருகிப் போடும் சிறிய கறுப்புக் கண்ணாடி பெட்டியோடு வந்திருந்தால் இன்றே உடைத்து எறியுங்கள். குவிந்த வெயிலில் அது விரிசல் விட்ட கணம் கண் போய்விடும், திரும்ப வராது. தேடுகுழாயையும் (குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் சிறு தொலைநோக்கி) மூடிவையுங்கள். பிள்ளைகளைச் சூரியத் தொலைநோக்கியோடு ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணத்துக்கும் இந்த வடிகட்டி வேண்டும். 2010 ஜனவரி 15 கங்கண கிரகணம் கன்னியாகுமரி, ராமேசுவரம், யாழ்ப்பாணம் வழியாகவும், 2019 டிசம்பர் 26 கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாகவும் போயின. அடுத்தது 2031 மே 21இல் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கிறது. கங்கணப் பாதை நம் வீட்டுக்கு வராது, நாம்தான் அதனிடம் போக வேண்டும். அன்றைக்குச் சின்னக் குழாய் வைத்திருப்பவருக்குத்தான் கொண்டாட்டம்.

கைப்பேசியில் படம் காட்டும் புதிய மின்னணுத் தொலைநோக்கிகள் எப்படி?

சீஸ்டார் எஸ்50 போன்றவை 2.5 கிலோவில் தொலைநோக்கி, கேமரா, மோட்டார் எல்லாவற்றையும் அடக்கியவை. தாமே வானத்தை அடையாளம் கண்டு, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, நகரத்து மாடியிலிருந்தே ஒண்முகிலின் நிறத்தைக் காட்டிவிடும். படம்தான் வேண்டும் என்றால், குறைந்த எடையில் இதற்கு நிகர் இல்லை. கண் பார்வை மங்கிய பெரியவர்களுக்கும் திரையில் காட்ட முடிகிறது. அது பெரிய நன்மை.

ஆனால் அதில் கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. கோள்களும் சிறிதாகவே வரும். சனியின் ஒளி, சனியிலிருந்து புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து, நேராக உங்கள் விழித்திரையில் வந்து விழுவதற்காகத்தான் நான் இரவில் விழித்திருக்கிறேன். என்னால் அதை விட்டுக்கொடுக்க முடியாது.

மகளுக்குப் பத்து வயது. அவளுக்கு எது?

அவளே தூக்கக்கூடியது. 100 மி.மீ. மேசைமேல் டாப்சன் நன்றாக இருக்கும். பொம்மைக் கடைத் தொலைநோக்கி வேண்டாம். அது ஆடி ஆடி, எதுவும் தெரியாமல், வானத்தின் மேலேயே குழந்தைக்கு வெறுப்பை ஏற்றிவிடும். அவளே தேடி, அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் எட்டிப் பிடித்துத் திருத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று: நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?

பஸ்ஸில் போகிற, நிலாவையும் கோள்களையும் அதிகம் நேசிக்கிற ஒருவர் என்றால் 102 மி.மீ. மக்சுதோவ், உறுதியான சிறு முக்காலி. ஸ்கூட்டரோ காரோ இருந்து, போகிற இடத்தில் மேசை கிடைக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 130 மி.மீ. மேசைமேல் டாப்சன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் டாப்சனைத்தான் வைத்துக்கொள்வேன், கார்த்திகைக்காக.

வாங்கியாகிவிட்டது. முதல் இரவில் எதைப் பார்ப்பது?

நிலா இருந்தால் நிலா. அதிலும் பௌர்ணமியில் வேண்டாம், எட்டாம் பிறையை ஒட்டி. அப்போதுதான் ஒளியும் இருளும் சேரும் கோட்டில் மலைகளின் நிழல் நீளும்.

நிலா இல்லாமல், சித்திரை வைகாசி மாதமாக இருந்தால், வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலுக்குத் திருப்புங்கள். கல்யாணத்தில் அம்மி மிதித்தபின் காட்டும் அருந்ததியும் அருகிலுள்ள வசிட்டரும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரிவார்கள். 50 மடங்கு ஐபீஸைப் போட்டு வசிட்டரை நடுவில் நிறுத்துங்கள். அந்த ஒரு விண்மீனே இரண்டாகப் பிரியும். வீட்டில் உள்ளவர்களை மாடிக்குக் கூப்பிட்டு, முதலில் வெறும் கண்ணால் அருந்ததியைக் காட்டிவிட்டு, அப்புறம் ஐபீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.